கொட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

மலையடிவாரக் காரவள்ளியைத் தாண்டி 1 என்று எழுதிய பலகை வந்ததும் காதில் பாட்டை ஓட விட்டேன். கொல்லிமலைக்கு ஏறும் இந்தப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. வளைவுதோறும் எண் போட்ட பலகை நிற்பதால் கணக்கு தப்பாது. அன்றைக்கு எங்கள் பஸ் எழுபதையும் ஏறி முடிக்க 55 நிமிடம் எடுத்தது. வளைவுக்குச் சராசரி 47 விநாடி. நான் கேட்டுக்கொண்டிருந்த கச்சேரியின் மொத்த நீளம் சுமார் 52 நிமிடம். முதல் உருப்படி 23-ஆவது வளைவில் முடிந்தது. இரண்டாவது 29-இல் முடிந்தது. மூன்றாவது மட்டும் 37 வளைவுகள் ஓடி 66-இல் நின்றது. மிச்சம் 4 வளைவுக்கு எஞ்சின் சத்தம்தான் துணை.

அந்தக் கச்சேரி நடந்தது 1975 ஜூலை 5, சனிக்கிழமை. இடம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் ஊரின் கல்லூரி. வாசித்த குழுவின் பெயர் 'சக்தி'. மறு ஆண்டு, 1976-இல், கொலம்பியா நிறுவனம் அதை அப்படியே நேரடிப் பதிவாக எல்பி தட்டில் கொண்டுவந்தது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து முதல் தட்டைச் செதுக்குவதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் மேடையில் வாசித்ததையே முதல் தட்டாகக் கொடுத்தார்கள். இந்த ஒரு முடிவின் மதிப்பை எண்ணிப் பார்க்கத்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

ஆள் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மேடையில் 5 பேர். கித்தார் ஜான் மெக்லாஃப்லின், வயது 33. வயலின் எல். சங்கர், வயது 25. தபலா ஜாகிர் உசேன், வயது 24. கடம் விக்கு விநாயக்ராம், வயது 32. மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். முதல் நால்வரின் வயதையும் கூட்டினால் 114. ஐவரில் 3 பேர் தமிழர்கள். ஐவரில் 3 பேர் தாளக்காரர்கள், அதாவது 60 சதவீதம். மீட்டுகிற வாத்தியம் 2, கொட்டுகிற வாத்தியம் 3. தட்டின் உறையில் குழுப் பெயரோடு சேர்ந்து வந்த தனிப்பெயர் மெக்லாஃப்லினுடையது மட்டும்தான். உறையில் ஒரு பெயர் பெரிதாகலாம். காதுக்குள் வருவது பத்துக் கையின் உழைப்பு. அதில் ஆறு கை தோலிலும் மண்ணிலும் விழுகிறது.

மெக்லாஃப்லின் எதை விட்டுவிட்டு இங்கே வந்தார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அவர் நடத்திய 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' மின்சார கித்தாரும் பெரிய பெரிய ஆம்ப்ளிஃபையருமாக ராக்கையும் ஜாஸையும் கலந்து இடித்த குழு. 1973-இல் வந்த அவர்களுடைய 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 15-ஆவது இடம் வரை ஏறியது. பாட்டே இல்லாத, வெறும் வாத்திய இசைத் தட்டுக்கு அது அபூர்வமான உயரம். அந்த உயரத்தில் நின்றவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். மின்சாரத்தைத் துறந்து மரக் கித்தாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சக்திக்காக கிப்சன் நிறுவனத்தில் ஆபிரகாம் வெக்டர் செய்துகொடுத்த கித்தாரில் வழக்கமான 6 தந்தியோடு, தம்பூரா போல ஒலிக்கக் குறுக்கே 7 தந்தி, மொத்தம் 13. விரல் பலகையைக் குழித்திருந்தார்கள். தந்தியை அழுத்தினால் வீணையில் வருவதுபோல கமகம் வளையும். அதன் பிறகு சக்தியின் தட்டு எதுவும் அந்தப் பழைய 15-ஆவது இடத்தின் பக்கம் போகவில்லை. விற்பனைக் கணக்கில் இது நஷ்டம்தான். இசைக் கணக்கில் அவர் எடுத்த முடிவு சரி என்றே நான் சொல்வேன்.

விலை என்ன? 1976-இல் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் ஒற்றை எல்பிக்குப் பட்டியல் விலை 6 டாலர் 98 சென்ட். அன்று டாலருக்கு சுமார் 9 ரூபாய். ஆகவே ஒரு தட்டு ஏறக்குறைய 63 ரூபாய். அந்த வருஷம் நம் ஊரில் ஒரு பவுன் 350 ரூபாய் சுமார். பவுனில் ஆறில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு எல்பி. மிளகு, காப்பி, பலா, தினை, சாமை என்று வாழ்ந்த மலைவீட்டுக்கு அது எட்டாத விலை.

தட்டின் இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லை. முதல் பக்கத்தில் 'ஜாய்' 18 நிமிடம் சொச்சம், 'லோட்டஸ் ஃபீட்' 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆக 23 நிமிடம். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, சுமார் 29 நிமிடம். அதன் தலைப்பிலேயே 20-க்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள். எனக்கு இதுவும் வேண்டாம் அதுவும் வேண்டாம், இறைவன் திருவடியில் ஆடுகிறேன், எல்லாம் ஆனந்தம் என்று போகும். எல்பி நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றை ஒட்டிச் சுழலும் தட்டு. துல்லியமாகச் சொன்னால் 3 நிமிடத்துக்கு 100 சுற்று. 29 நிமிடத்துக்கு 967 சுற்று, மொத்தக் கச்சேரிக்கு 1,733 சுற்று. ஒரு பக்கத்தில் 22 நிமிடம் வரை வைப்பது சௌகரியம். அதற்கு மேல் போனால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியின் பலமும் குறையும். ஆனாலும் அந்த 29 நிமிடத்தை அவர்கள் நறுக்கவில்லை. வளர்ந்துகொண்டே போகிற தனி ஆவர்த்தனத்தை நடுவில் வெட்டக்கூடாது என்பது கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தட்டு வெட்டியவர்களும் அதை மதித்திருக்கிறார்கள்.

என் கைக்கு அது கேசட்டாக வந்தது 1986-இல். சேலத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. கடைக்காரர் தன் சொந்த எல்பியிலிருந்து பதிந்துகொடுத்தார். 60 நிமிட வெற்றுக் கேசட்டும் பதிவுக் கூலியும் சேர்த்து 28 ரூபாய். அப்பாவின் மிளகுக் கணக்கு நோட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது: 'பாட்டு நாடா, ரூ. 28.' அரைக் கிலோ மிளகு விற்ற காசு. அப்பா திட்டவில்லை. எழுதி மட்டும் வைத்தார்.

கேசட்டின் ஒரு பக்கம் 30 நிமிடம். விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் நாடா ஓடும். 30 நிமிடத்துக்குச் சுமார் 86 மீட்டர், அதாவது 281 அடி. எங்கள் ஆகாய கங்கை அருவியின் உயரம் சுமார் 300 அடி. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரம் படிக்கு மேல் இறங்கி அருவிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் எங்கே தொடங்குகிறதோ, அநேகமாக அவ்வளவு நீள நாடா உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது. எல்பியின் 29 நிமிடம் கேசட்டின் 'பி' பக்கத்தில் 1 நிமிடம் மிச்சம் வைத்து உட்கார்ந்தது. 'ஏ' பக்கத்தில் 23 போக 7 நிமிடம் வெற்று நாடா, 20 மீட்டர். அந்த 20 மீட்டருக்குப் பிறகு வருகிறேன்.

கேசட் வந்த மாதத்தில் எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பம்பை கொட்ட வரும் பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார். பிறகு கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

“தம்பி, நடுவுல பானையில அடிக்கிறாங்களா?”

“ஆமாங்க தாத்தா. கடம். மெட்ராஸ்காரர் வாசிக்கிறாரு.”

“வயித்துல வெச்சு மூடி மூடித் தொறக்கிறாரு. காத்து உள்ள போய்ட்டு வர்ற சத்தம் கேக்குது பாரு. மொத்தம் எத்தன பேரு?”

“அஞ்சு பேருங்க.”

“அதுல கொட்டுறவங்க?”

“மூணு பேரு.”

“அப்ப சரியாத்தான் இருக்கு,” என்றார்.

கடத்தின் வாயை வயிற்றில் அணைத்துத் திறந்து மூடும்போது உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து அடித்தொனி தருகிறது என்பதை விளக்க எனக்குப் பல வருஷம் படிக்க வேண்டியிருந்தது. அவர் 10 நிமிடத்தில் காதால் கண்டுவிட்டார். கடம் ஒருமுறை சுட்டுவிட்டால் சுருதி சுட்டதுதான். மிருதங்கம்போல வாரைத் தட்டி ஏற்றவோ இறக்கவோ வழியில்லை. சுருதி மாறினால் கடத்தையே மாற்ற வேண்டும். அதனால் கடக்காரர் வீட்டில் சுருதிக்கு ஒன்றாகப் பானைகள் இருக்கும். பேர் பெற்ற மானாமதுரைக் கடம் கனத்த சுவர் உள்ளது, விரலுக்கு வலிக்கும், நாதம் கணீரென்று வரும். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. வாசிப்பவருக்கு வரும் விருது வனைந்தவர் கைக்கும் போய்ச் சேர்ந்ததில் எனக்குப் பெரிய நிறைவு. மிருதங்கமும் தவிலும் பலா மரத்தில் கடைவது. எங்கள் மலையில் பலா இல்லாத கொல்லை அரிது. இந்தத் தட்டின் தாளப் பகுதிக்கு மூலப்பொருள் என்று எழுதினால் மண், மரம், தோல், கொஞ்சம் கரும்பொடி. விலையில் எல்லாமே கித்தாருக்குக் கீழே.

கொட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்ற பெரியவரின் கேள்வி இந்த மலைக்குப் புதிது இல்லை. புறநானூற்றின் 152-ஆவது பாட்டு வன்பரணர் பாடியது. கொல்லிமலையில் வல்வில் ஓரி முன்னால் நடந்த ஒரு கச்சேரியின் கணக்கு அதில் இருக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று 5 விலங்கைத் துளைத்த வேட்டுவனைப் பாணர் கூட்டம் காட்டில் சந்திக்கிறது. ஆள் யாரென்று தெரியாமலே வாசிக்க உட்காருகிறது. விறலி பாட, முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று 6 வாத்தியம். அவற்றில் 1 நரம்பு, 1 துளை, 4 தாளம். ஆறில் நாலு, 67 சதவீதம். சவுத்தாம்ப்டனில் 60. ஏறக்குறைய 2,000 ஆண்டு இடைவெளியில் 7 சதவீத வித்தியாசம்! பாணர்கள் 21 துறையையும் முறைப்படி பாடி முடித்தார்கள். சம்பளமும் பதிவாகியிருக்கிறது. வேட்டையில் கிடைத்த மானிறைச்சி, உருக்கிய நெய் போன்ற தேறல், இதே மலையில் விளைந்த மாசற்ற பொன், கூடவே மணிக் குவியல். அடுத்த பாட்டிலும் வன்பரணர் ஓரியின் கொடைக் கணக்கைத் தொடர்கிறார். யானையும் அணிகலனும் பெற்ற மகிழ்ச்சியில் கூட்டம் ஆடவும் பாடவும் மறந்துபோனது.

ஆள், வாத்தியம், துறை, கூலி, நான்கும் கைக்கு வந்திருக்கின்றன. ஒரு நாதம்கூட வரவில்லை. பதலையின் ஒரு கண்ணை மெல்லத் தட்டியபோது என்ன சொல் விழுந்தது, 21-ஆவது துறை முடிந்தபோது காட்டில் எவ்வளவு நேரம் அமைதி இருந்தது என்பதெல்லாம் போயிற்று. மலையில் செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இழப்புதான் உறைக்கும். கணக்கு பிழைத்துவிடும், ஒலி பிழைக்காது. அதனால்தான் ஒரு சனிக்கிழமைக் கச்சேரியை அப்படியே பிடித்துவைத்தவர்களுக்கு நான் இவ்வளவு நன்றி சொல்கிறேன்.

சக்தி முழுக்க மேடையில் வாழ்ந்த குழு. முதன்மையான தட்டுகளை எண்ணினால் 1976 முதல் 2025 வரை 8. அவற்றில் 5 நேரடிப் பதிவு, 3 ஸ்டுடியோ. முதல் தட்டுக்குப் பின் ராகவன் இல்லை, நால்வரானார்கள். 'ஏ ஹாண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்ற இரண்டு ஸ்டுடியோ தட்டுகளோடு 1977-இல் முதல் அத்தியாயம் முடிந்தது. இருபது ஆண்டு கழித்து, 1997-இல், 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் இங்கிலாந்தில் மேடை ஏறினார்கள். வயலினுக்குப் பதில் ஹரிபிரசாத் சவுராசியாவின் புல்லாங்குழல். அதன் பதிவாக வந்த இரட்டை சிடியில் 'முக்தி' என்ற ஒரே உருப்படி 63 நிமிடம். 1975-இன் மொத்தக் கச்சேரியைவிட 11 நிமிடம் கூடுதல். எல்பி காலத்தில் இதைப் பிடித்திருக்கவே முடியாது. 5 நிமிடத்துக்குள் முடிந்த 'லோட்டஸ் ஃபீட்' இப்போது 7 நிமிடம் ஆனது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கூடுதல் 2 நிமிடத்தில் புதிய சுரம் அதிகமில்லை. மூச்சும் பொறுமையும்தான் கூடியிருக்கின்றன. வயதான கலைஞர்களிடம் நான் தேடுவது அதைத்தான்.

பிறகு மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார். 8 தந்தி மாண்டலினை 5 ஒற்றைத் தந்தியாக மாற்றி ராகம் பாடவைத்தவர். விக்குவின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். 2000 டிசம்பரில் மும்பையில் பதிவாகி மறு ஆண்டு வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டில் விருந்தினர் பட்டியல் நீளம். சந்தூர் சிவகுமார் சர்மா, டிரம்ஸ் சிவமணி, தவில் ஏ.கே. பழனிவேல், குரல் சங்கர் மகாதேவன். சனிக்கிழமையில் தொடங்கிய குழு சனிக்கிழமையின் பெயரிலேயே ஊர் திரும்பியது. அந்தத் தட்டில் தவில் சொல் விழும்போது எனக்கு அமெரிக்காவும் மும்பையும் மறந்து கோயில் வாசல் வந்துவிடும்.

முதிர்ந்தவர்கள் மறுபடி கூடி வாசிப்பது ராக் உலகத்துக்கும் பழக்கமானது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1968 நவம்பர் 26 அன்று விடைபெற்ற 'கிரீம்' குழு, அதே மண்டபத்துக்கு 2005 மே மாதம் 4 இரவுக்குத் திரும்பியது. ஜிஞ்சர் பேக்கர் 65, ஜாக் புரூஸ் 61, எரிக் கிளாப்டன் 60, கூட்டினால் 186. இந்த பேக்கரும் புரூஸும் நம் மெக்லாஃப்லினும் 1963-இல் கிரஹாம் பாண்டின் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். ஒரே நாற்றங்காலில் முளைத்தவர்களில் இருவர் 37 ஆண்டு கழித்துத் தங்கள் பழைய பாட்டுக்குத் திரும்பினார்கள், இரண்டு சிடியாக அது வந்தது. மூன்றாமவர் 2023-இல் புதிய பாட்டோடு வந்தார். அதற்காகவே என் மதிப்பெண் மெக்லாஃப்லினுக்குக் கொஞ்சம் கூடுதல்.

2023 ஜூன் 30 அன்று வெளிவந்த 'திஸ் மொமென்ட்' 46 ஆண்டுக்குப் பின் சக்தியின் ஸ்டுடியோ தட்டு. உருப்படி 8. மெக்லாஃப்லினுக்கு வயது 81, ஜாகிர் உசேனுக்கு 72. இருவர் வயதும் சேர்ந்தே 153. 1975-இன் நால்வரைவிட 39 கூடுதல். கூடவே சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன். முதல் உருப்படிக்கு 'ஸ்ரீனிஸ் ட்ரீம்' என்று பெயர். 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் போய்விட்ட ஸ்ரீநிவாஸுக்காக. 2024 பிப்ரவரி 4 அன்று தட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. அந்த ஒரே இரவில் ஜாகிர் உசேன் கைக்கு 3 கிராமி. சரியாக 315 நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று, அவர் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. 2023 சுற்றுப்பயணத்தின் மேடைப் பதிவு 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' 2025-இல் வந்தபோது அவர் இல்லை. 24 வயதில் ஒரு நேரடிப் பதிவில் தொடங்கிய கை 72-இல் இன்னொரு நேரடிப் பதிவில் நிற்கிறது. நடுவே 48 ஆண்டு. முதல் தட்டின் 'ஜாய்' உருப்படியில் அவர் விரல் ஓடும் வேகத்தையும், கடைசித் தட்டில் அதே விரல் அடிக்காமல் விட்டுவைக்கும் இடங்களையும் கேட்டால் அந்த 48 ஆண்டு என்ன செய்தது என்று புரியும்.

இப்போது அந்த 20 மீட்டர் வெற்று நாடா.

அதே வருஷக் கோயில் நோன்பில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். 'ஏ' பக்கத்தில் 'லோட்டஸ் ஃபீட்' முடியும் இடம்வரை ஓட்டி, சிவப்புப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். பம்பை பெரியவர், உடுக்கை அவர் தம்பி. ஆள் 2, கொட்டுகிறவர் 2, நூறு சதவீதம். தம்பிதான் பாட்டும். இருவரும் இப்போது இல்லை. போன மாதம் சேலத்தில் ஒரு கடையில் 400 ரூபாய் கொடுத்து நாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றி வாங்கினேன். எங்கள் ஊர்ப் பகுதி மட்டும் 6 நிமிடம் 10 விநாடி. நாடாக் கணக்கில் 17 மீட்டர் 60 செ.மீ.

நாலாவது நிமிடத்தில் மழை பிடிக்கிறது. தகரக் கூரையில் முதல் துளிகள் தனித்தனியாக விழுவதை எண்ணலாம், 9 வரை எண்ணினேன். ஈரம் ஏறப் பம்பைத் தோல் தளர்ந்து சுருதி இறங்குவது துல்லியமாகக் கேட்கிறது. பெரியவர் நிறுத்தவில்லை. அடியைக் குறைத்துக்கொண்டு கோலால் தோலின் ஓரத்தைத் தேடுகிறார். உடுக்கைக்காரர் இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தன் சுருதியை ஏற்றி, அண்ணன் விட்ட இடத்தை நிரப்புகிறார். யாரோ ஒரு பெண் குழந்தைகளை உள்ளே கூப்பிடுகிறார். பிறகு 54 விநாடி வெறும் நாடாவின் இரைச்சல்.

அப்பாவின் நோட்டில் அந்தத் தேதியைத் தேடி எடுத்தேன். 'பம்பை ஆள் 2, ரூ. 60. அரிசி 4 படி. நல்ல மழை.'